முப்பத்தைந்தாம் நம்பர் இன்ஜின்

நசுருல்லா பாய் மூன்று கேள்வி கேட்காமல் எந்தப் பெட்டியையும் திறக்க மாட்டார். எப்போது நின்றது? நிற்பதற்கு முந்தி என்ன செய்தீர்கள்? வேறு யாராவது திறந்தார்களா? முதல் இரண்டுக்கும் ஜனங்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதுக்கு மட்டும் எப்பேர்ப்பட்ட யோக்கியனும் பொய்தான் சொல்வான். வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ரேடியோ ரிப்பேர்காரரை அந்தக் கணக்கில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றாமல் போனது பாய்க்கு நெடுநாள் வருத்தம்.

சேலம் கோட்டைப் பக்கம் 'ரோஷன் ரேடியோஸ்' என்றால் எழுபதுகளில் எல்லோருக்கும் தெரியும். மனைவி ரோஷன் பீவியின் பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தார். கேலி செய்தவர்களிடம், "வேலையில பாதி அவங்க செய்யறாங்க, பேராவது முழுசா இருக்கட்டுமே" என்பார். உண்மைதான். கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே உட்கார்ந்து ரோஷன் பீவி கைராட்டினம் போன்ற ஒரு சின்ன யந்திரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுவார். உதடு மட்டும் அசையும், ஆயிரத்து இருநூறு சுற்று என்றால் ஆயிரத்து இருநூறுதான். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையை உயர்த்துவார். அந்தக் கையைப் பார்த்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அது ரேடியோவுக்கு மரியாதை இருந்த காலம். தபாலாபீசில் லைசென்ஸ் புத்தகம் வாங்கித்தான் ரேடியோவே வைத்திருக்க முடியும். பனமரத்துப்பட்டியிலிருந்து பழைய துப்பட்டியில் சுற்றி, மடியில் வைத்து, பச்சைப் பிள்ளையைப் போல பஸ்ஸில் கொண்டுவருவார்கள். பெட்டியைத் திறந்தால் சூடான தூசி வாசம் அடிக்கும். உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அதையெல்லாம் அப்புறப்படுத்தி, வால்வு சூடேறி, அரை நிமிஷம் கழித்துக் குரல் வரும்போது வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதைப் பார்த்த கண்ணுக்கு இப்போது கடைகளில் நடப்பது ஒன்றும் ரிப்பேராகவே தெரியவில்லை. "இதெல்லாம் சரி பண்ண முடியாது சார், புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லக் கூச்சப்படாத காலமாகப் போய்விட்டது.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது, எண்பதுகளில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பம் நட்டு டி.வி. வந்தது. பாய் எதையும் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். தெரியாத ஒன்று வந்தால் எதிர்க்கடைக்காரரிடமே போய், "இது என்னன்னு தெரியல, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிடுவார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. எதிர்க்கடைக்காரருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் கார்த்திகையில், மழைவிட்ட ஒரு காலையில், கடைவாசலில் ஓர் அம்பாசிடர் கார் வந்து நின்றது. இறங்கியவர் திருச்செங்கோட்டுச் சின்னண்ணன். மூன்று ரிக் லாரிக்கு முதலாளி. ராஜஸ்தானம் வரைக்கும் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டுவிட்டு வருகிற வண்டிகள். டிரைவர் கையை நீட்டியும் கொடுக்காமல் ஒரு அட்டைப் பெட்டியைத் தானே நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

உள்ளே ஒரு ரயில் இன்ஜின். ஒரு சாண் நீளம், கரும்பச்சை நிறம். கையில் எடுத்தால் எடைக்கல் மாதிரி கனம். கூடவே தண்டவாளத் துண்டுகள், நம்பர் பொத்தான்களும் ஒரு சிவப்புக் குமிழும் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று.

"ஏனுங்க பாய், இது ஓடோணுங்க" என்றார் சின்னண்ணன். "பையன் ஜெர்மனியில இருக்கறானுங்க. போயி ஏழு வருசமாச்சு. அவன் வாங்கி அனுப்புனது. தைப் பொங்கலுக்கு வாரான்."

"எப்ப நின்னுச்சுங்க?"

"போன வருசம் ஆயுத பூசையப்ப. ஆடியில வந்துச்சு. ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. ஞாயித்துக்கெழமையானா ஊட்டு ஆசாரத்துல தூணச் சுத்தி ஓட உடுவனுங்க. ரிக்குல வேலை செய்யறவங்கெல்லாம் வந்து பாத்துட்டுப் போவாங்க."

"நிக்கறதுக்கு முந்தி என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா இருக்கையிலயே நின்னு போச்சு."

"யாராச்சும் தொறந்தாங்களா?"

"நம்மூட்ல யாருங்க இதத் தொறப்பாங்க? கண்ணுல பாக்கறதோட செரி."

பாய் இன்ஜினைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் இருந்த திருகாணியின் தலையில் புதுக் கீறல். லாரிக்கு உபயோகிக்கிற பெரிய திருப்புளியைப் போட்டு நெம்பிய கீறல் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பாய்க்குப் புதிதாகத் தெரியாதா என்ன? சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கார்வரைக்கும் போன சின்னண்ணன் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு சொல்லோணுங்க பாய். பையன் ஒவ்வொரு காயிதத்துலயும் 'ரயில் ஓடுதாப்பா'ன்னு கேக்கறானுங்க. நானும் நல்லா ஓடுதுன்னே எழுதிப் போட்டனுங்க. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. சாப்பாட்டுல மிச்சம் புடிச்சு வாங்குனதாட்ட இருக்குது. நின்னு போச்சுன்னு எப்படீங்க எழுதறது? இப்ப நேர்லயே வாரான்."

மூன்று ரிக்குக்கு முதலாளி, ஐம்பத்தெட்டு வயசு, கடைப் படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்கு மனசு கரைந்துவிட்டது. "பொங்கலுக்குள்ள ஓடும். நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான்.

ஆழம் போகப்போகத் தெரிந்தது. சாதாரண விளையாட்டு ரயில் என்றால் தண்டவாளத்துக்குக் கரண்டைக் கூட்டினால் வேகமாக ஓடும், குறைத்தால் நிற்கும். இது அந்த ஜாதியே இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்டு இருந்தது. பையன் தன் கையால் தமிழில் எழுதி அனுப்பியிருந்த ஒற்றைக் காகிதத்தில், '35ஐ அமுக்கிக் குமிழைத் திருப்பினால் ஓடும். இதே தண்டவாளத்தில் வேறு நம்பர் இன்ஜின்களையும் தனித்தனியாக ஓட்டலாம்' என்று இருந்தது. அச்சிட்ட புத்தகம் எதுவும் கூட வரவில்லை. இவ்வளவு விலையுள்ள சாமானுக்கு ஒரு புத்தகம்கூட இல்லையா என்று பாய் முணுமுணுத்துக்கொண்டார்.

சக்கரங்களைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். முன் விளக்கு எரிந்தது, ஆகவே கரண்டு உள்ளே வருகிறது. மோட்டாரின் இரண்டு கம்பியையும் கழற்றித் தனியாக பாட்டரியில் தொட்டார். ஜம்மென்று சுற்றியது. வருகிற வழியும் நன்றாக இருக்கிறது, போகிற இடமும் நன்றாக இருக்கிறது. நடுவில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பலகை. அதன்மேல் கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் அரிசிமணி போல வரிசையாக எட்டுச் சுவிட்சுகள். கோளாறு அங்கேதான். ஆனால் அந்தப் பலகை அங்கே என்ன வேலை செய்கிறது?

மதியச் சாப்பாட்டின்போது ரோஷன் பீவியிடம் சொன்னார். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரிதானே" என்றார். "கூப்பிடறது எல்லாத்து காதுலயும் விழுது. பேருக்கு உரியவ மட்டும் எந்திரிச்சுப் போறா. அந்தப் பலகைதான் காது."

"அப்ப இது ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?"

"செவிடா இருக்கணும். இல்லாட்டி அதுக்கு வேற பேரு வெச்சிருக்கணும்."

பாய் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். கறுப்புப் பெட்டியில் எண்பது நம்பர் வரைதான் அமுக்க முடியும். ஒன்றை அமுக்கிக் குமிழைத் திருப்பினார். இரண்டு. மூன்று. எண்பது வரைக்கும் பெயர் கூப்பிட்டுப் பார்த்தார். இன்ஜின் விளக்கை எரியவிட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

பலகை கருகித்தான் போய்விட்டதோ என்று அவருக்குப் பயம் வந்தது. கருகியிருந்தால் இந்தியாவில் அதற்கு மாற்றே கிடையாது. மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்தே ஆக வேண்டும். மறுநாள் திருச்செங்கோட்டு பஸ்ஸைப் பிடித்தார்.

சின்னண்ணன் வீட்டில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. உண்மைக்குத்தான் குறைச்சல். "தொறக்கவே இல்லீங்க பாய்" என்று மறுபடியும் சாதித்தார். அந்த நேரம் பார்த்து டிரங்க் கால் வந்தது. ராஜஸ்தானத்தில் ரிக் ஏதோ பாறையில் மாட்டிக்கொண்டதாம். அவர் போனில் கத்தப் போன இடைவெளியில், காப்பியோடு வந்த அவர் மனைவி பெரியநாயகி அங்கேயே நின்றார்.

"நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க பாய். தொறந்தாங்க. நம்ம லாரிக்கெல்லாம் நம்பரு கூட்டிப் பாத்துத்தானுங்க அவரு வாங்குவாரு. இந்த ரயிலு முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டுங்க. எட்டு அவருக்கு ஆவாதுங்க. இது ஊட்டுக்கு வந்த ரெண்டு மாசத்துல ரெண்டு போரு தண்ணி இல்லாமப் போச்சு. சோசியரு அஞ்சுல வெக்கோணும்னாராம். பூசையன்னிக்கு லாரி எலக்ட்ரீசனக் கூட்டியாந்து, நாப்பத்தொண்ணு ஆக்கறேன்னு உள்ள இருக்கற சின்னச் சின்ன சுச்செல்லாம் நிமிண்டி உட்டாங்க. அன்னிக்கு நின்னதுதானுங்க."

பாய்க்குக் காப்பியின் இனிப்பு அப்போதுதான் தெரிந்தது.

"பையனுக்கு எழுதிக் கேளுங்கன்னு நாஞ் சொன்னனுங்க" என்றார் பெரியநாயகி. "பெத்தவன் போயிப் புள்ளகிட்டக் கேக்கறதான்னு சொல்லிப்போட்டாரு. ஏனுங்க, பூசையில நானும் அது மேல சந்தனம் குங்குமம் வெச்சனுங்க. அதனால ஒண்ணும் ஆயிருக்காதுங்களே?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார் பாய்.

திரும்புகிற பஸ்ஸில் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பலகை செவிடில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது. அந்த எலக்ட்ரீசன் கண்டபடி தள்ளிவிட்டதில், எந்த நம்பருக்கும் உரியதில்லாத ஒரு பெயராக அது ஆகியிருக்கும். அதனால்தான் எண்பது பெயர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அப்படியானால் வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முப்பத்தைந்து என்று ஒரே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே, காதை மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

எட்டுச் சுவிட்சை எத்தனை விதமாக வைக்கலாம்? ரோஷன் பீவி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "ஒரு சுவிட்சுக்கு ரெண்டு. ரெண்டு சுவிட்சுக்கு நாலு. மூணுக்கு எட்டு. இப்படியே ரெண்டு ரெண்டு மடங்கா... எரநூத்தம்பத்தாறு." பாய் மலைத்து நின்றார். ஆயிரத்து இருநூறு சுற்றுச் சுற்றுகிறவருக்கு இருநூற்றைம்பத்தாறு ஒரு கணக்கா? பழைய நோட்டு ஒன்றை எடுத்து, மேலே இருக்கிற சுவிட்சுக்குக் கோடு, கீழே இருப்பதற்குப் புள்ளி என்று கட்டம் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து வந்தால் மாலை அஸர் தொழுகை வரைக்கும் தினமும் இதே வேலை. கரண்டை நிறுத்து, சீவின மூங்கில் குச்சியால் ஒரு சுவிட்சைத் தள்ளு, கரண்டைக் கொடு, முப்பத்தைந்தை அமுக்கு, குமிழைத் திருப்பு. இல்லை. நோட்டில் ஒரு கோடு. மறுபடியும். நடுவில் கடைக்கு வந்தவர்கள் ரோஷன் பீவியின் உயர்ந்த கையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். "பாயும் பீவியும் பல்லாங்குழி ஆடறாங்க" என்று தெருவில் பேச்சு. ஆடினார்கள்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் ஒரே வேலையைச் செய்தது அதுவரை இல்லை. அந்த நான்கு மதியங்களைப் பின்னாளில் பாய் சொல்லும்போது, ரயிலைப் பற்றிச் சொல்கிறாரா மனைவியைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேட்கிறவருக்குச் சந்தேகமாகிவிடும்.

நாலாவது நாள், நூற்று எழுபத்துமூன்றாவது கட்டத்தில், குமிழைத் திருப்பினதும் இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது. மேஜைமேல் இருந்தது இரண்டடித் தண்டவாளம்தான். நிறுத்த வேண்டும் என்று பாய்க்குத் தோன்றவேயில்லை, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரோஷன் பீவிதான் முந்தானையை ஏந்தி, விளிம்பில் விழுந்த இன்ஜினைப் பிடித்தார். பாய்க்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

எதிர்க்கடைப் போனிலிருந்து திருச்செங்கோட்டுக்குச் சொன்னார். "முப்பத்தஞ்சை அமுக்குனா ஓடுதுங்க."

"முப்பத்தஞ்சு வேண்டாமுங்க பாய்" என்றார் சின்னண்ணன். மறைக்க இனிமேல் என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது போலும். "நாப்பத்தொண்ணா மாத்திப்போடுங்க."

"தம்பி வந்து முப்பத்தஞ்சுதானுங்களே அமுக்கும்?"

"பொட்டி என் கையிலதான இருக்கும்? நாந்தான ஓட்டப்போறன்? அவன் பாத்துக்கிட்டிருந்தாப் போதும்."

இதற்குமேல் பேசிப் பயனில்லை. சுவிட்சுகள் பேசுகிற பாஷை இப்போது பாய்க்குப் பாதி பிடிபட்டிருந்ததால், நாற்பத்தொன்று ஒரே மதியத்தில் கிடைத்தது.

மாட்டுப் பொங்கலன்று பாயை வரவழைத்திருந்தார் சின்னண்ணன். ஏதாவது ஆனால் கூட இருக்கட்டும் என்ற பயம். மகன் சரவணமுத்து மெலிந்து, முன்மண்டை வழுக்கை விழுந்து, அப்பாவின் அதே மூக்கோடு இருந்தான். ஆசாரத்தில் தூணைச் சுற்றித் தண்டவாளம் போட்டாயிற்று. சின்னண்ணன் பெட்டியை மடியில் வைத்து, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். இன்ஜின் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒய்யாரமாகச் சுற்றி வந்தது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. பெரியநாயகி வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தார். சின்னண்ணன் முகத்தில் ஒரு வருஷத்துப் பாரம் இறங்குவது பாய்க்குத் தெரிந்தது.

அதோடு பெட்டியை மூடி வைத்திருக்கலாம். ஏழு வருஷம் கழித்து வந்த மகன் கை நீட்டிக் கேட்டால் எந்த அப்பனால் இல்லை என்று சொல்ல முடியும்? சரவணமுத்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பெட்டியை வாங்கி, பார்க்காமலே மூன்றையும் ஐந்தையும் அமுக்கிக் குமிழைத் திருப்பினான்.

இன்ஜின் நகரவில்லை. இன்னொரு தரம் அமுக்கினான். சின்னண்ணன் விளக்கெண்ணெய் குடித்தவர் போல எழுந்து நின்றார்.

பாய்க்கு வேறு வழி தெரியவில்லை. இத்தனை வருஷ வேலையில் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டதில்லை அவர். "நாந்தாங்க தம்பி. துடைக்கறதுக்குத் தொறந்தேன். உள்ள சுவிட்சு மாறிப்போச்சு. நாப்பத்தொண்ணு அமுக்குங்க, ஓடும்."

சரவணமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"நாப்பத்தொண்ணு. கூட்டினா அஞ்சு" என்றான். "எட்டு ஆவாதுன்னு மாத்துனீங்களாப்பா?"

சின்னண்ணன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"எட்டு வரோணும்னுதானுங்கப்பா முப்பத்தஞ்சு வெச்சேன். புஸ்தகத்தையும் வேணும்னுதான் எடுத்து வெச்சுக்கிட்டேன்." குரலில் கோபம் இல்லை. "எட்டப் பாத்தா மாத்தாம இருக்க மாட்டீங்க. மாத்தத் தெரியாம எனக்கு ஒரு காயிதம் போடுவீங்கன்னு நெனச்சேன். ஏழு வருசமா நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லீங்களே. மழை பேஞ்சுது, எல்லாரும் சௌக்கியம், அவ்வளவுதான். இது வந்ததுக்கப்புறம் ரயிலு நல்லா ஓடுதுன்னு சேத்துக்கிட்டீங்க. ஒவ்வொரு காயிதம் வரையிலயும், இதுல கேட்டிருப்பீங்கன்னு பிரிச்சுப் பாப்பேன்."

பெரியநாயகி அடுப்படிக்குப் போய்விட்டார். பாய் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்துக்கு எந்தச் சுவிட்சு மேலே, எது கீழே என்று அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

சின்னண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, தூணைப் பிடித்து மெதுவாக மகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இன்ஜினை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தெரியல சாமி. இத எப்படி மாத்தறதுன்னு சொல்லு."